தக்காளியில் கறை: நோயா, குறையா?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சந்தாபுரா இருக்கிறது. ஆனேக்கல்லுக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது. சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கிவிட்டன. ஆனாலும் ஆனேக்கல் வட்டத்துச் செம்மண்ணில் தக்காளி இன்னும் விளைகிறது.

மண்டியில் பெட்டியைத் திறந்ததும் வியாபாரியின் கண் கறையைத்தான் தேடும். நாலு பழம் கெட்டிருந்தால் போதும். பெட்டிக்கே விலை குறைந்துவிடும்.

அதனால் காயின் அடி கறுத்தவுடன் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். "அண்ணா, காய் அழுகுது. ஏதாவது மருந்து கொடுங்க" என்று கேட்கிறார்கள். மருந்து வாங்கித் தெளிக்கிறார்கள். பணம் போகிறது. கறுப்பு மட்டும் போவதில்லை. ஏன்? அது நோயே இல்லை.

கறை காயின் எந்த இடத்தில் இருக்கிறது? முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த இடம்தான் காயின் அடி. அங்கே நீர் கோத்ததுபோல ஒரு புள்ளி தோன்றும். பிறகு அது பெரிதாகும். கறுத்து, தோல்போல் காய்ந்து, உள்ளே குழியும். இதற்கு நுனி அழுகல் என்று பெயர். இதற்குப் பூசணமோ கிருமியோ காரணம் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும் இது வரும். சத்து தண்ணீரோடு கலந்துதான் வேரிலிருந்து மேலே ஏறுகிறது. நிலம் சில நாள் காய்ந்து கிடக்கும். பிறகு ஒரே நாளில் நிறையத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். காய்ந்த நாட்களில் வளர்ந்த பிஞ்சுக்குச் சத்து கிடைக்காது. யூரியாவை அள்ளிப் போட்டாலும் தொல்லைதான். இலைகள் வேகமாக வளர்ந்து சத்தை இழுத்துக்கொள்ளும்.

எனவே தண்ணீரைச் சீராக விட வேண்டும். செடியடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்துத் தெளிப்பதும் உண்டு. தண்ணீர் சீராகாமல் தெளிப்பு மட்டும் உதவாது.

பழம் வெடிப்பதும் தண்ணீர்க் குறைதான். காய்ந்த நிலத்தில் திடீரென்று மழை பெய்தால் பழம் வெடிக்கும். வெயில் படும் பக்கத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அது வெயில் சூடு. இலை குறைந்த செடியில் இது அதிகம்.

உண்மையான நோய்கள் வேறு மாதிரி இருக்கும். மழையும் குளிரும் சேர்ந்து சில நாள் நீடிக்கும்போது பச்சைக் காயின் தோள்பட்டையைப் பாருங்கள். எண்ணெய் பட்டதுபோலப் பழுப்புத் திட்டு இருக்கிறதா? இலையும் கருகியிருக்கிறதா? அது பின்பருவக் கருகல். உருளைக்கிழங்கையும் இது தாக்கும். 1845-இல் அயர்லாந்து நாட்டில் கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியது இந்த நோய்தான். இதற்குப் பூசண மருந்து தேவை. நாள் கடத்தக் கூடாது.

மண்ணைத் தொடும் காயில் வட்டம் வட்டமாகப் பழுப்பு வளையம் வந்தால் அதுவும் பூசணம். குச்சி நட்டுச் செடியைத் தூக்கிக் கட்டினால் பெரும்பாலும் தப்பலாம். பழுத்த பழத்தில் மஞ்சள் வளையங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் நச்சுயிரி. இலைப்பேன் என்ற சிறு பூச்சி அதைப் பரப்புகிறது. அந்தச் செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

காயில் வட்டமாக ஓட்டை இருந்தால் காய்ப்புழுவின் வேலை. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே இருக்கும். இதற்கு பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நல்ல வழி சொன்னது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி நட வேண்டும். செண்டுமல்லி நாற்று தக்காளி நாற்றைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும். அப்போது தக்காளி பூக்கும் சமயத்தில் செண்டுமல்லியும் பூக்கும். தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவை நாடிப் போய் முட்டையிடும். பூவை விற்றால் அதிலும் நாலு காசு வரும்.

எது என்று தெரியாவிட்டால் வட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். வாயால் சொன்னால் போதாது. கெட்ட காய் நாலும், அதே செடியின் இலையும் கையில் கொண்டுபோக வேண்டும்.