கடை நம்முடையது, சாவி யாரிடம்?



இரவு கடையைப் பூட்டியதும் சாவியை நாமே எடுத்துச் செல்கிறோம். கல்லாச் சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவர் நம்மில் எவரும் இல்லை. ஆனால் கடையின் இணையதளச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், "அதைச் செய்துகொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்பதே நம்மில் பலருடைய பதிலாக இருக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவர் மளிகை மொத்த வியாபாரி. தெரிந்த பையன் ஒருவன் அவருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தான். அதில் அன்றாட விலைப்பட்டியல் வெளிவரும். ஒரு நாள் பையன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரமே துவரம் பருப்பு விலை ஏறியது. இணையதளத்திலோ பழைய விலையே நின்றது. மாற்ற வழி தெரியவில்லை. கடவுச்சொல்லும் பையனிடமே இருந்தது. சில்லறைக் கடைக்காரர்கள் செல்பேசியை நீட்டி, "நீங்கள் போட்ட விலைதானே அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். நாணயம் கெடக்கூடாது என்று பழைய விலைக்கே சரக்கை அனுப்பிவிட்டு, நட்டத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

இந்த நிலை நம்மில் வேறு எவருக்கும் வரவேண்டாம். அதற்கு இந்தத் தொழிலின் அடிப்படையை நாம் தெரிந்துகொண்டால் போதும். நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை.

இணையதளத்திற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கிடங்கு, மற்றொன்று கடை முகப்பு. தளத்தின் நிரலும் படங்களும் இருக்கும் கிடங்கை 'ரெப்பாசிட்டரி' என்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை நம் நாளேடு போலவே அது பதிந்து வைக்கும். இத்தகைய கிடங்குகளை இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தருவது 2008இல் தொடங்கிய கிட்ஹப். இதை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது.

வாடிக்கையாளர் பார்க்கும் முகப்பை நடத்துபவை நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற ஹோஸ்டிங் தளங்கள். கிடங்கையும் முகப்பையும் ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். பிறகு கிடங்கின் முதன்மைக் கிளையில் மாற்றம் பதிவானதும், ஹோஸ்டிங் தளம் தானாகவே கோப்புகளை எடுத்து, தளத்தைக் கட்டி, மக்கள் பார்வைக்கு வைக்கும். கட்டுவதில் பிழை நேர்ந்தால் பழைய தளமே தொடர்ந்து நிற்கும், கடை மூடாது.

சிவகாசியில் காலண்டர் அடிக்கக் கொடுத்தால் முதலில் புரூஃப் பார்க்கிறோம் அல்லவா? அதே போல, புதிய மாற்றத்தைத் தனி முகவரியில் பார்த்து ஒப்புதல் தந்தபின் வெளியிடும் வசதி இத்தளங்களில் உண்டு. வெளியிட்டபின் தவறு தெரிந்தாலும் முந்தைய பதிப்புக்கு உடனே திரும்பலாம்.

கையால் கோப்புகளை ஏற்றினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று கண்ட அனுபவம் இது. புதிய நிரலை 8 கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. அதில் ஒன்று விடுபட்டுப்போனது. சந்தை திறந்து சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம். மறு ஆண்டே அது வேறொரு நிறுவனத்துடன் இணைய நேர்ந்தது. நம் கடை சிறியதுதான். ஆனால் பழைய விலை ஒரு மூலையில் தங்கிவிடும் ஆபத்து நமக்கும் உண்டு.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உரிமை. இணைய முகவரி, கிட்ஹப் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு மூன்றும் கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். நிரல் எழுதும் தம்பிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுப்போம். அவர் விலகினால் அதை நீக்கிவிடலாம். கணக்கின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைப்போம்.

இரண்டாவது, இலவசம் என்றதும் மயங்க வேண்டாம். வெர்செலின் இலவசத் திட்டம் வணிகமல்லாத சொந்த உபயோகத்திற்கு மட்டுமே. கிட்ஹப் பேஜஸிலும் இணைய வணிகம் நடத்த அனுமதியில்லை. விதியைப் படித்தே இடம் பிடிப்போம்.

மூன்றாவது, பணம் வாங்கும் சேவையின் இரகசியக் குறியீட்டைக் கிடங்கில் வைக்கவே கூடாது. அதை ஹோஸ்டிங் தளத்தின் அமைப்புப் பகுதியில் தனியே பதிய வேண்டும். ஒருமுறை கிடங்கில் ஏறிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். எனவே அந்தக் குறியீட்டையே மாற்றிவிட வேண்டும்.

நான்காவது, கிடங்கில் இருப்பது தளத்தின் நிரல் மட்டுமே. வாடிக்கையாளரின் ஆர்டர்களும் கணக்கு வழக்கும் தரவுத்தளத்தில் இருப்பவை. அதற்குத் தனி நகல் எடுத்து வைப்பது நம் பொறுப்பு.

கிடங்கு நம் பெயரில் இருந்தால், ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலும், மூடிவிட்டாலும், அதே சரக்கை வேறிடத்தில் இறக்கி முகப்பைத் திறக்கலாம். வாடகைக் கடை மாறலாம். பெயர்ப்பலகையும் சரக்கும் நம்முடையவை.

நாம் சொன்ன உறுப்பினர் இப்போது எல்லாக் கணக்குகளையும் தம் கடைப் பெயரில் புதிதாகத் தொடங்கிவிட்டார். விலைப்பட்டியலை அவர் மகளே மாற்றுகிறார். நாமும் இன்று கடை சாத்துவதற்குள், நம் இணையதளத்தின் மூன்று கணக்குகளும் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.