பனியன் நகரத்துப் பிள்ளைகளும் ஆராய்ச்சிக் கூடங்களும்

பல்லடத்துத் தறித்துணியை மீட்டரிலும், திருப்பூர்ப் பின்னல் துணியைக் கிலோவிலும் அளந்து விற்கிறோம். அந்த மீட்டரின் அளவை நம் நாட்டிற்காகக் காத்து நிற்பது புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம். 1983 முதல் மீட்டர் ஒளியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது என்பதே அதற்கு அடிப்படை. தேர்தலில் நம் விரலில் இடப்படும் அழியாத மையின் கலவையும் அக்கூடத்தில் உருவானதே. அதிலுள்ள வெள்ளி உப்பு ஒளி பட்டுக் கருமையாகித் தோலில் ஊன்றிவிடுகிறது. ஒளியியலும் பொருளியல் விஞ்ஞானமும் நம் அன்றாட வாழ்விற்குத் தொலைவானவை அல்ல.

அக்கூடத்தின் முதல் இயக்குநர் தமிழரான கே. எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-இல் கல்கத்தாவில் சர் சி. வி. ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். பின்னர் டாக்கா, மீண்டும் கல்கத்தா, அலகாபாத் என்று இடம் மாறி, 1947-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், தில்லிப் பொறுப்பை ஏற்றார். ஆராய்ச்சி என்பது பொறுமையுள்ளோர்க்கே உரிய பாதை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இன்று அப்பாதை எவ்வாறு அமைந்துள்ளது? எம்.எஸ்ஸி. முடித்தவர் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். டாக்டர் பட்டத்திற்குப் பின் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தால் 58,000 முதல் 67,000 வரை. வீட்டு வாடகைப்படி தனி. வெகுதூரம் செல்ல வேண்டியதும் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த 300 ஏக்கர் நிலத்தில், 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் சொல்லுவது நம் கடமை. துணைவர் பதவி தற்காலிகமானது. சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் நிரந்தர விஞ்ஞானி பதவிகள் சிலவே; போட்டியிடுவோர் பலர். முப்பது வயது கடந்தும் நிலையான ஊதியமின்றிக் காத்திருக்க நேரலாம். பெண்பிள்ளையாயின் உறவினர் திருமணப் பேச்சை எடுத்து நெருக்குவர். கடன் சுமக்கும் குடும்பத்திற்கு இக்காத்திருப்பு எளிதன்று.

எனினும் கற்றது வீணாகாது. நம் சாயப்பட்டறைகளில் இன்று நிறம் பொருத்துவது கண்ணால் மட்டுமன்று; துணியிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கும் கருவியாலும்தான். சாயக்கழிவு நீரைத் தூய்மையாக்கும் சவ்வுகளும் பொருளியல் விஞ்ஞானத்தின் பயனே. நொய்யலின் நிலையையும், 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட நமக்கு, இத்தகைய அறிவின் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரே, எல்லாப் பிள்ளைகளையும் இவ்வழியில் செலுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி மகனையோ மகளையோ கம்பெனிக்கு அனுப்புமுன், இப்பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் நாட்டம் உண்டா என்று அதன் ஆசிரியரை ஒருமுறை கேளுங்கள். உண்டு என்று அவர் சொன்னால், கடினமான செலவு எம்.எஸ்ஸி. வரையிலான ஐந்து ஆண்டுகளே. அவ்வைந்தாண்டைக் கடக்க உறவினரும் பங்கு மக்களும் தோள் கொடுக்கலாம்.