கரை தெரிந்தும் இறங்க முடியாத நாட்கள்

"சொகுசுக் கப்பலில்தானே இருந்தாய், உனக்கென்ன குறை?" என்று இன்றும் ஊரில் கேட்பார்கள். 2020 மார்ச்சில் அப்படியொரு கப்பலின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பயணிகளை எப்படியோ இறக்கி அனுப்பினார்கள். எங்களை இறக்கவில்லை.

கம்பனி ஒரு நாட்டில், கப்பலின் கொடி பஹாமாஸுடையது, ஊழியர்களோ பல நாட்டவர். அப்படியானால் எங்களை ஏற்க வேண்டியது யார்? கொடியை நம்பிப் பயனில்லை. பஹாமாஸ் கொடியுடன் வந்த பிரேமர் கப்பலையே பஹாமாஸ் தன் துறைமுகத்தில் சேர்க்கவில்லை. கடைசியில் கியூபாதான் இடம் கொடுத்தது. கட்டுநாயக்கவும் அந்த மார்ச்சிலேயே வருவோருக்கு மூடப்பட்டுவிட்டது.

நாடுகள் பயந்ததையும் குறைசொல்ல முடியாது. யொக்கொஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. அங்கே பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஊழியர்களோ கீழ்த்தளத்தில் அறையைப் பகிர்ந்து, ஒன்றாகவே சாப்பிட்டார்கள். தனிமைப்படுத்தல் அவர்களுக்கு இருக்கவில்லை.

பயணிகள் போனபின் எங்களுக்குப் பல்கனி அறை தந்தார்கள். யன்னலே இல்லாத அறையில் கிடந்தவனுக்கு அது பெரிய விடயம்தான். இரவில் கரையின் வெளிச்சம் தெரியும். சாப்பாட்டுத் தட்டு வாசலில் இருக்கும். சம்பளம் வருமா என்பதுதான் தெரியாது.

ஏப்ரல் 6ஆம் திகதி எம்.எஸ்.சி. மக்னிஃபிகா கொழும்புக்கு வந்தபோது, அதிலிருந்த ஒரேயொரு இலங்கை ஊழியரைக் கடற்படையினர் இறக்கியெடுத்தனர். வீடியோவில் அவர் விடுத்த வேண்டுகோள்தான் காரணம். உம்மா அந்தச் செய்தியைப் போனில் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"உங்கட கப்பலும் கொழும்புப் பக்கம் வராதா மகன்?"

நாங்கள் நின்றது கரீபியன் கடலில்.