கலயத்தினுள் ஒளி

அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து பாறசாலை வழியே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் முதல் நாள் அமைந்த இவ்வெல்லையின் இருபுறமும் பனை ஒன்றே. பாளையில் வடியும் சாறும் ஒன்றே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அது அக்கானி, அதாவது பதநீர். தடவாத கலயத்தில் கள். கேரளத்தில் உரிமம் பெற்றுக் கள் இறக்கலாம். தமிழ்நாட்டிலோ 1987 முதல் தடை. சுண்ணாம்பு குறைந்து பதநீர் சற்றே புளித்துவிட்டால், கருப்பட்டி காய்ச்ச எண்ணிய பனையேறி குற்றவாளியெனக் கருதப்படவும் இடமுண்டு. அந்தச் ‘சற்றே’ என்பதை அளப்பது எங்ஙனம்?

சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முதலில் குளுக்கோசு, பிரக்டோசு என இரண்டாகப் பிளக்கிறது. பின்னர் அவற்றை மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோசு முற்றிலும் மாறினால் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் வாயுவும் உண்டாகும் என்பது வேதியியல் கணக்கு. நம் நாட்டு வெப்பத்தில் இவ்வேலை சில மணி நேரத்திலேயே மும்முரமாகிவிடும். மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி விடை பெறுமுன் கலயத்திலிருப்பது வேறு பொருளாகிவிடுகிறது.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் உண்டென்று கண்டார். அவற்றுள் சிவப்பை அடுத்தவை ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையவை. நீர், சர்க்கரை, மதுசாரம் ஒவ்வொன்றும் இக்கதிர்களில் தனக்குரிய பகுதியை விழுங்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ் இதைக்கொண்டே தானியத்தின் ஈரத்தை அளக்க வழி வகுத்தார்.

விலை மலிந்த கருவிகளில் சிலிக்கன் உணர்வியே இருக்கும். 1100 நானோமீட்டருக்கு மேல் அதற்குப் பார்வையில்லை. அதற்குட்பட்ட அலைகளை மதுசாரம் மெலிவாகவே விழுங்குகிறது. இதைப் பெருங்குறை என்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1940 நானோமீட்டரின் அருகில் ஒரு மில்லிமீட்டர் நீரே ஒளியை அநேகமாக முழுதும் தடுத்துவிடும். குறுகிய அலைகளோ விரற்கடை அளவு நீரையும் ஊடுருவும். ஆதலால் பாத்திரத்தில் சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தி, மூடியைத் திறவாமலே நிமிடத்துக்கு நிமிடம் மாற்றத்தைக் கவனிக்கலாம்.

ஆனால் கருவி தானாக ஒன்றும் அறியாது. பல கலயங்களின் சாற்றை வாலையில் வடித்து மதுசாரத்தை அளந்து, அவ்வெண்களை ஒளியளவுகளோடு பொருத்திக் கற்பிக்க வேண்டும். கலங்கலும் குமிழிகளும் ஒளியைச் சிதறடிக்கும். வெப்பம் மாறினால் நீரின் விழுங்கலே இடம்பெயரும். கள்ளைக் கொண்டு கற்பித்த கருவியைச் சுண்ணாம்பு கலந்த பதநீரில் வைத்தால் தவறான எண்ணையே காட்டக்கூடும். அத்தகைய எண்ணை வைத்து ஒருவரைத் தண்டிப்பது தகாது. அதற்கு வாலையே சான்று. ஆயினும், விடியலில் இறக்கிய கலயங்களுள் எதை முதலில் அடுப்பேற்றுவதென்று பனையேறியின் வீட்டார் அறிந்துகொள்ள அது உதவும். சர்க்கரை பிளந்துவிட்ட சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது.