விலைக்கு முன் விவரம்: பழைய டிவிடிகளை இணையத்தில் விற்பது எப்படி?

நம் வீடுகளில் பரண்மேலோ தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அடுக்கிலோ ஓர் அட்டைப்பெட்டி நிறைய டிவிடிகள் கிடக்கும். பயான் பதிவுகள், கிராஅத், பிள்ளைகளுக்கு வாங்கிய கார்ட்டூன்கள், ஆங்கிலப் பாடங்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த படங்கள், இவற்றுக்கு நடுவே யாரோ ஒருவருடைய நிக்காஹ் பதிவும் இருக்கும். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவைதாம். ஆனால் இன்று பல வீடுகளில் அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி இல்லை. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இல்லாமலேயே வருகின்றன. அமெரிக்காவில் தபால் வழியே டிவிடி வாடகைக்கு அனுப்பிப் பெரிய நிறுவனமாக வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ்கூட 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடிவிட்டது.

ஆனாலும் டிவிடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்காத ஒன்றைத் தேடுபவர்கள், சேகரிப்பவர்கள், பிள்ளைகளின் கையில் செல்போன் கொடுக்க விரும்பாத பெற்றோர் எனப் பலர். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் வீட்டிலிருந்தபடியே விற்கலாம். என்ன விலை போடுவது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் அதற்கு முன்பு இரண்டு வேலைகள் உள்ளன. எது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று பிரிப்பது ஒன்று. விற்கும் பொருளின் குறையை மறைக்காமல் எழுதுவது மற்றொன்று. இவை இரண்டும் சரியாக நடந்தால் விலை தானாக வந்து நிற்கும்.

முதலில் பிரிப்போம்

டிவிடியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்டு வந்தது வெள்ளியைப்போல் பளபளக்கும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்தது பெரும்பாலும் லேசான ஊதா நிறமாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கொண்டே பெட்டியை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ஊதா நிற டிவிடி எதுவும் போட்டுப் பார்க்காமல் வீட்டை விட்டுப் போகக் கூடாது. இதில் நாம் மிகவும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மேலே ஒன்றும் எழுதாத வட்டில் நம் வீட்டுத் திருமணம் இருக்கலாம். பெண்கள் பக்கம் தனியாக எடுத்த பதிவாகவும் இருக்கலாம். மேலே ‘பயான்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே வேறொன்று இருக்க வாய்ப்புண்டு. வேறு படத்தின் பெட்டிக்குள் குடும்ப வட்டு செருகப்பட்டிருப்பதும் நடப்பதுதான். எனவே பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்விட்ட பதிவைத் திரும்பப் பெறுவது அரிது. அதைப் பிரதி எடுக்காமல் இருந்தார்களா என்று அறிவது அதைவிட அரிது.

இந்த வட்டுகளை அப்படியே பத்திரப்படுத்தி வைப்பதும் போதாது. வீட்டில் பதிவாகும் டிவிடியில் காட்சிகள் ஒரு சாயப் படலத்தில்தான் எழுதப்படுகின்றன. வெயில், வெப்பம், ஈரப்பதம் பட்டால் அந்தச் சாயம் கெடும். ஆகவே குடும்பப் பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதிகளாக எடுத்து வையுங்கள். அதன் பிறகு வேண்டாத வட்டை ஒரு துணியில் சுற்றி, துண்டுகள் கண்ணில் தெறிக்காதபடி கத்தரியால் வெட்டிவிடலாம். எரிக்க வேண்டாம். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அந்தப் புகை நமக்கும் அண்டை வீட்டாருக்கும் கேடு.

ஊதா நிறத்தில் இருக்கும் சினிமாப் படங்கள் பெரும்பாலும் திருட்டு டிவிடிகள்தாம். சில திருட்டு டிவிடிகள் வெள்ளி நிறத்திலும் அச்சாகின்றன. எனவே உறையையும் பார்க்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, படத்தின் தணிக்கைச் சான்றிதழ் நகல், தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும் உறையில் இருக்க வேண்டும். திருட்டுப் பிரதியைத் தெரிந்தே விற்பது 63ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெற்றுத் தரக்கூடிய குற்றம். தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருட்டு குண்டர் சட்டத்திலும் சேர்க்கப்பட்டுள்ளது. ‘எல்லோரும்தானே விற்கிறார்கள்’ என்பது சட்டத்தின் முன்னும் நிற்காது, அல்லாஹ்வின் முன்னும் நிற்காது.

‘வக்ஃப்’ என்று குறிக்கப்பட்ட வட்டுகளும் இருக்கலாம். அவை விற்பனைக்கு உரியவை அல்ல. பள்ளிவாசல் நூலகத்துக்கோ மதரஸாவுக்கோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குறையைச் சொல்லி விற்போம்

பிரித்து முடித்தபின் எஞ்சியிருக்கும் அசல் டிவிடிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வேண்டும். தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. பெரும்பாலான கைரேகைகளும் கீறல்களும் வெளி ஓரத்தில்தான் இருக்கும். அதனால் படம் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிற்பகுதியில் சிக்கும். நடுவிலும் கடைசியிலும் சில நிமிடங்கள் ஓட விட்டுப் பாருங்கள். அழுக்கு இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகச் சுற்றித் துடைக்க வேண்டாம். அப்படித் துடைக்கும்போது கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்து நீளும், படிக்கும் கருவி அதைத் தாண்ட முடியாமல் திணறும்.

சிடிக்கும் டிவிடிக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும் அறிந்துகொள்வோம். சிடியில் பதிவுப் படலம் பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே ஆழமான கீறல் விழுந்தால் பதிவே போய்விடும். டிவிடி இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. பதிவு நடுவில் இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு உண்டு. பழைய கிராஅத் சிடிகளை விற்பவர்கள் மேல்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். ‘நல்ல நிலை’ என்ற சொல் வாங்குபவருக்கு ஒன்றையும் சொல்வதில்லை. ‘பின்பக்கத்தில் மூன்று மெல்லிய கீறல்கள், முழுவதும் ஓட்டிப் பார்த்தோம், சிக்கவில்லை, பெட்டியின் ஓரம் உடைந்துள்ளது’ என்று எழுதினால் அவருக்குப் பொருள் கண்முன் வரும். நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் வைத்திருந்த வணிகரிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்வு நாம் அறிந்ததே. இணைய விற்பனையில் வாங்குபவர் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. நம் புகைப்படமும் நம் எழுத்தும்தான் அவருக்குக் கண். சொல்லாத குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை அவருக்கு மார்க்கத்தில் உண்டு என்பதையும் நினைவில் வைப்போம்.

எந்தப் பதிப்பு, எந்த மண்டலம்

ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் இருக்கும். ‘தி மெசேஜ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்தஃபா அக்காத் அதை 1976-ல் ஆங்கிலத்தில் ஒரு நடிகர் குழுவையும் அரபியில் வேறொரு நடிகர் குழுவையும் வைத்துத் தனித்தனியாக எடுத்தார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸா (ரலி) பாத்திரத்தில் ஆண்டனி குயின் நடித்தார், அரபிப் படத்தில் அப்துல்லாஹ் கைத். அரபிப் பதிப்பைத் தேடுபவருக்கு ஆங்கிலப் பதிப்பு போய்ச் சேர்ந்தால் அவருக்கும் ஏமாற்றம், நமக்கும் திருப்பி வாங்கும் செலவு. மொழி, வசன எழுத்துகள் எந்தெந்த மொழியில் உள்ளன, எத்தனை வட்டுகள், வெளியிட்ட நிறுவனம் எது என்பதை உறையைப் பார்த்து எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் வாங்கியவை என்றால் மண்டல எண் முக்கியம். உறையின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும். வளைகுடா நாடுகள், பிரிட்டன், ஜப்பான் 2ஆம் மண்டலம். சிங்கப்பூர், மலேசியா 3. இந்தியா, இலங்கை 5. அமெரிக்கா, கனடா 1. ‘ஆல்’ அல்லது 0 என்று இருந்தால் எங்கும் ஓடும். துபாயில் வாங்கிய 2ஆம் மண்டல டிவிடி, இந்தியாவில் 5ஆம் மண்டலத்துக்குப் பூட்டப்பட்ட பிளேயரில் ஓடாது. இதை முன்கூட்டியே எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

விலை எப்படிப் போடுவது

நாம் கொடுத்த விலையை மறந்துவிடுவதுதான் முதல் படி. அது வாங்குபவருக்குப் பொருட்டே அல்ல. மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கடைகளில் குவித்தது பலருக்கு நினைவிருக்கும். புதிதாகவே 34 ரூபாய்க்கு விற்றது, லட்சக்கணக்கில் அச்சானது, இன்று தபால் செலவுக்குக்கூடத் தாங்காது. ஆனால் இணையத்தில் எங்கும் கிடைக்காத ஆவணப்படம், முழுத் தொகுப்பாக இருக்கும் தொடர், கையேட்டுடன் உள்ள மொழிப் பாடம், பிரிக்காத உறையில் உள்ளவை ஆகியவற்றுக்குக் கேட்பார் உண்டு. வயது விலையைக் கூட்டுவதில்லை. வேறெங்கும் கிடைக்காததே கூட்டுகிறது.

அடுத்து, மற்றவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள். கேட்பதற்கு யாரும் எதையும் கேட்கலாம். விற்ற விலைதான் உண்மையான விலை. வெளிநாடுகளில் இயங்கும் ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே காட்டும் வசதி இருக்கிறது. இந்தியாவில் அந்தத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. இங்குள்ள விளம்பரத் தளங்களில் இப்படிக் கணிக்கலாம்: உங்களிடம் உள்ளதைப் போன்ற நாலைந்து விளம்பரங்களைக் குறித்துவைத்து இரண்டு வாரம் கவனியுங்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது விலை அதிகம் என்பதற்கு அடையாளம். சில நாள்களில் மறைந்தது அநேகமாக விற்றிருக்கும். உங்கள் விலை அதையொட்டி இருக்கட்டும்.

பிறகு செலவைக் கழியுங்கள். கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். ஒரு டிவிடிக்கு 100 ரூபாய் கேட்கிறோம். தபாலுக்கு 60, உறைக்கும் அட்டைக்கும் 15 போனால் மிச்சம் 25. தபால் நிலையத்துக்குப் போய்வரும் ஆட்டோவுக்கே அது போதாது. அதே வகையில் பத்து டிவிடிகளை ஒன்றாக 600-க்குக் கொடுத்தால், தபாலும் பெட்டியும் 150 ஆனாலும் 450 மிஞ்சும். வாங்குபவருக்கும் ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எனவே அரியவற்றை மட்டும் தனியாக விற்போம். மற்றவற்றைக் ‘குழந்தைகள் கார்ட்டூன் பத்து’, ‘ஆங்கிலப் பாடம் ஆறு’ என ஒரே வகையாகச் சேர்ப்போம். தபால் செலவு யாருடையது என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். விலை பேசி முடித்தபின் அதைச் சொன்னால் பேரம் முறியும்.

ஒருவரிடம் விலை ஒப்புக்கொண்ட பிறகு இன்னொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றால் அவர் பக்கம் தாவாதீர்கள். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் பேசுவதற்கு மார்க்கத்தில் தடை உண்டு.

பணம் வாங்கும்போது விழிப்பு

டிவிடி நூறு ரூபாய்ப் பொருளாக இருக்கலாம். ஆனால் விற்பவருடைய வங்கிக் கணக்கு முழுவதும் திருடன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வழக்கமாக நடப்பது இதுதான். விளம்பரம் போட்ட சற்று நேரத்தில் ஒருவர் அழைப்பார். பேரமே பேச மாட்டார். தன்னை ராணுவத்தில் பணிபுரிபவர் என்று சொல்வார், அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்’ என்பார்.

வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பெரியவர்களுக்கு, இந்த ஒரு வரியைச் சொல்லி வையுங்கள்: யுபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றுதான் பொருள். ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பதும் அதே வலைதான். குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தபிறகே பொருளை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். தாமதம் குறையக் குறைய, பணம் நிறுத்திவைக்கப்படும் வாய்ப்பு கூடும்.

உள்ளூரில் நேரில் கொடுப்பதானால் வீட்டுக்கு வரச் சொல்லாமல் கடைத்தெரு போன்ற ஆள் நடமாட்டம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெண்கள் விற்பனை செய்தால் தொடர்பு எண்ணாக வீட்டு ஆண்களின் எண்ணையோ தளத்திலேயே உள்ள செய்திப் பெட்டியையோ பயன்படுத்தலாம். புகைப்படத்தில் வீட்டினர், முகவரி, பிள்ளைகளின் பள்ளிப் பெயர் எதுவும் விழாதபடி டிவிடியை வெறும் துணிமேல் வைத்து எடுங்கள்.

அனுப்புவது எளிது. வட்டு பெட்டியின் நடுப்பல்லில் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழன்று ஆடினால் போகும் வழியிலேயே கீறிவிடும். குமிழித் தாளில் சுற்றி, இருபுறமும் அட்டை வைத்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தபால் ரசீது எண்ணை வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.

விற்காதவை

இரண்டு மாதம் ஆகியும் கேட்பார் இல்லையென்றால் விலையைக் குறையுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் விற்பனையை விட்டுவிட்டு, பயன்படக்கூடியவற்றை மதரஸாவுக்கோ டிவிடி பிளேயர் வைத்திருக்கும் உறவினருக்கோ கொடுத்துவிடலாம். ஓடாதவற்றை அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டாம். நாம் வாங்க மனம் ஒப்பாத ஒன்றைப் பிறர் தலையில் கட்டுவது தர்மம் ஆகாது.

இந்தப் பெட்டியிலிருந்து பெரிய தொகை எதுவும் வந்துவிடாது. சில நூறு ரூபாய்தான் வரும். ஆனால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கீறலை எண்ணி எழுதச் சொல்லுங்கள், செலவைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பின் எண் கேட்பவனை எப்படி அடையாளம் காண்பது என்று காட்டுங்கள். நாளை அவர்கள் பெரிய பொருள்களை வாங்கவும் விற்கவும் போகும் சந்தையும் இதுதான். ஹலாலான வியாபாரம் எப்படி இருக்கும் என்பதை ஒரு பழைய டிவிடியைக் கொண்டே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.