வாடகை வீட்டு மரம் விழுந்தால் யார் பொறுப்பு? தேங்காய் யாருக்குச் சொந்தம்? சட்டம் சொல்வது என்ன?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. முற்றத்தில் நிற்கும் தென்னையையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடக்கத் தொடங்கியது.

காற்று வேகம் எடுக்கும்போது வாடகை வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். "இந்த மரத்தை யாருங்க பார்க்கணும்? ஓனரா, நாங்களா?"

சட்டத்தில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பராமரிப்பு யாருடையது என்று இதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவுநீர் அடைப்பு போன்றவை வாடகைதாரருக்கு. வாடகைதாரர் பட்டியலில்தான் 'தோட்டம், திறந்தவெளிப் பராமரிப்பு'ம் வருகிறது. ஆனால், அந்தத் தோட்டம் அவருக்கு வாடகைக்கு விடப்பட்டதாகவோ, அவர் பயன்படுத்துவதாகவோ இருக்க வேண்டும்.

அதாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சருகு கூட்டுவது, களை எடுப்பது குடியிருப்பவர் வேலை. மாடி போர்ஷனில் மட்டும் குடியிருப்பவர் தலையில் கீழே உள்ள தோட்டத்தைக் கட்ட முடியாது.

பெரிய மரத்தை வெட்டலாமா?

வாடகைதாரர் தானாக வெட்டக் கூடாது. வாடகைக்கு எடுத்த இடத்தில் உள்ள மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வேப்பமரத்தில் கோடரி வைத்தால், அட்வான்ஸில் பிடித்தம் வரலாம், வழக்கும் வரலாம்.

உரிமையாளரும் நினைத்தபடி வெட்டிவிட முடியாத மரங்கள் உண்டு. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. காம்பவுண்டுக்கு வெளியே சாலை ஓரத்தில் நிற்கும் மரம் இருவருக்குமே சொந்தமில்லை. அதற்கு உள்ளாட்சி அமைப்பிடமோ வருவாய்த் துறையிடமோதான் மனு கொடுக்க வேண்டும்.

சாயும் நிலையில் இருந்தால்?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு இதற்குத்தான் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133). அக்கம்பக்கத்தினர் மீதோ வழிப்போக்கர் மீதோ விழும் நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மரத்தின் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, அதைத் தன் அனுபவத்தில், கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கும் உத்தரவு போகலாம். எனவே 'ஓனர் பார்த்துக்குவாரு' என்று வாடகைதாரர் சும்மா இருந்துவிட முடியாது.

விழுந்து பைக் நசுங்கினால்?

நல்ல நிலையில் இருந்த மரம் புயலில் சாய்ந்தால், 'இயற்கைச் சீற்றம், யார் தவறும் இல்லை' என்ற வாதம் எடுபடும். ஆனால் மரம் பட்டுப்போயிருப்பதும் சாய்ந்திருப்பதும் முன்பே தெரிந்தும் உரிமையாளர் கண்டுகொள்ளவில்லை என்றால், அது அலட்சியம். இழப்பீடு கேட்க இடமுண்டு. 'முன்பே தெரியும்' என்பதை நிரூபிப்பதுதான் சிக்கல். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. போட்டோவுடன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பதிவுத் தபால் இவை கைகொடுக்கும்.

உரிமையாளர் செய்தே ஆக வேண்டிய பழுதை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அதே 108ஆவது பிரிவு வழி தருகிறது. மரம் விழுந்து உடைந்த கூரைக்கு இது பொருந்தும். மரம் வெட்டும் கூலிக்குப் பொருந்துமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அட்டவணையில் அதற்கென்று தனி வரி இல்லை.

சரி, தேங்காய் யாருக்கு?

அதிகம் சண்டை வருவது இங்கேதான். வாடகைக்கு எடுத்த சொத்தையும் அதன் விளைபொருளையும், தன்னுடையதைப் போலக் கவனமாக வாடகைதாரர் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அவர் வசம் உள்ள தோட்டத்துத் தேங்காயை அவர் பறிக்கலாம். 'காய் எனக்கு' என்று உரிமையாளர் எழுதி வாங்கியிருந்தால் அதுதான் செல்லும்.

வாடகைதாரர் தானே வைத்த செடி, கன்று? வீட்டை ஒப்படைக்கும் முன் எடுத்துச் செல்லலாம். தோண்டிய குழியை மூடி, இடத்தைப் பழையபடி விட வேண்டும். சாவி கொடுத்த பிறகு கேட்க முடியாது.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

* தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய குலைகளை மரம் ஏறுபவரை வைத்து இறக்கிவிடவும்.
* தண்டில் ஓட்டை, பழுப்பு நிறச் சாறு வடிதல், மென்று துப்பியதுபோல நார் தெரிந்தால், அது சிவப்புக் கூன்வண்டின் வேலை. உள்ளே கூடாகிப்போன மரம் காற்றுக்குத் தாங்காது. உடனே உரிமையாளருக்குத் தெரிவிக்கவும்.
* முருங்கைக் கிளை லேசான காற்றுக்கே முறியும். கூரை மேல் நீண்டிருந்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு முன்பே கழிக்கவும்.
* மின்கம்பியில் உரசும் கிளையை நீங்களே வெட்டாதீர்கள். மின்னகம் எண் 94987 94987இல் புகார் செய்யவும்.
* புது ஒப்பந்தம் போடும்போது மூன்று வரி சேருங்கள்: எத்தனை மரம் உள்ளது, மரம் ஏறும் கூலி யாருடையது, காய் யாருக்கு.

குடியேறும் நாளன்றே எல்லா மரங்களையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் 'இந்த மரம் நல்லாத்தானே இருந்துச்சு' என்று அட்வான்ஸில் கை வைத்தால், அந்தப் போட்டோதான் பேசும்.