களிக்கு வந்த எகுசி

கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது. கோலார்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. உருண்டையில் ஒரு விள்ளல் பிய்த்து, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து அப்படியே உள்ளே தள்ள வேண்டும். கன்னடத்தில் முத்தே, தங்கவயலில் எங்களுக்கு அது களி. மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், ருசியும் போய்விடும். வெளியூரிலிருந்து வாழவந்த மருமகள்களுக்கு முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

இதே விதி நைஜீரியாவிலும் உண்டு. அங்கே பெருவள்ளிக்கிழங்கை வேகவைத்து, உரலில் போட்டு இருவர் மாறி மாறி இடித்து, மிருதுவான உருண்டையாக்குகிறார்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து எடுத்த ரவைக்கு 'காரி' என்று பெயர். அதில் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் 'ஏபா'. இந்த வகை உணவுகளுக்கெல்லாம் அங்கே பேச்சுவழக்கில் ஒரே பெயர்: 'ஸ்வாலோ', அதாவது விழுங்குவது. விழுங்குகிற சோற்றுக்குத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிற குழம்பு வேண்டும். அப்படிப்பட்ட குழம்புகளில் பெயர் பெற்றது எகுசி. பழத்தின் சதையை விட்டுவிட்டு விதையை மட்டும் அரைத்துச் செய்கிற குழம்பு.

2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயில்களில்தான் எங்கள் ஊரின் பிழைப்பு ஓடுகிறது. நானும் அதில் பெங்களூரு போய்வந்தவன். ஆப்பிரிக்க மாணவர்கள் தங்கியிருக்கும் பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில்தான் எகுசியை முதலில் பார்த்தேன். சிவந்த எண்ணெய் மிதக்க, முட்டைப் பொரியலை உதிர்த்துவிட்டதுபோல மஞ்சள் திரள்கள், நடுவே கீரை. ஒரு வாய் வைத்ததும் கை தன்னாலே களியைத் தேடியது.

எகுசி, தர்பூசணியின் உடன்பிறப்பு. இரண்டும் சிட்ரல்லஸ் என்ற ஒரே பேரினம். நம் ஊர் மணல் தரையில் படர்ந்து கிடக்கும் பேய்க்குமட்டியும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். வெளியே பார்த்தால் எகுசிக் காய் குட்டித் தர்பூசணி மாதிரியே இருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, கசப்பாக ஒரு சதை. வாயில் வைக்க முடியாது. ஆகவே காய்களை உடைத்துச் சில நாள் அழுகவிடுகிறார்கள். சதை கரைந்ததும் விதையைக் கழுவிக் காயவைத்து, தோலுரிக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இதைத் தனிப்பயிராக மட்டும் போடுவதில்லை. சோளக்கொல்லை, கிழங்குத் தோட்டத்தின் ஊடே விதைப்பார்கள். கொடி தரையை மூடிக்கொள்வதால் களை எடுக்கும் வேலை குறைகிறது.

எகுசி விதை இங்கே கிடைக்காது. ஆனால் ராபர்ட்சன்பேட்டை மளிகைக் கடையில் "மகஜ் இருக்கா?" என்று கேட்டுப்பாருங்கள். தோலுரித்த தர்பூசணி விதைப்பருப்பைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வடநாட்டுச் சமையலில் 'சார் மகஜ்' என்ற நான்கு விதைக் கூட்டில் இதுவும் ஒன்று. ஓட்டல் பனீர் குருமா வெண்ணெய்போல வழிவதற்குப் பல இடங்களில் முந்திரியோடு அரைத்த இந்த விதைதான் காரணம். தெரியாமலே நாம் தின்றுகொண்டிருக்கும் பண்டம். கோடையில் சாப்பிட்ட பழத்தின் விதையைச் சேர்த்துவைத்து உரிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள்; நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். கையில் மிஞ்சியது அரை டம்ளர்.

இந்த விதைப்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் புரதம், 47 கிராம் கொழுப்பு. கிட்டத்தட்ட வேர்க்கடலையின் கணக்கு. மாவுச்சத்து மிகக் குறைவு. குழம்பின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. கடலை மாவோ அரிசி மாவோ கரைத்து ஊற்றினால் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கி, குழம்பு முழுக்க ஒரே சீராகக் கெட்டியாகும். விதையில் அந்த வேலைக்கு மாவு இல்லை. சூடு ஏறும்போது அதிலுள்ள புரதம் சுருள் அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல இறுகுகிறது. முட்டை வேகும்போதும் நடப்பது இதுதான். அந்த வலைக்குள் கொழுப்பும் கொஞ்சம் நீரும் சிக்கிக்கொள்ள, மிருதுவான திரள் உருவாகிறது.

பருப்பு உருண்டைக் குழம்பு வைத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உருண்டையைக் கொதிக்கும் குழம்பில் போட்டபின் கரண்டியை உள்ளே விடக்கூடாது அல்லவா? எகுசியிலும் அப்படியே. புரதம் இறுகுமுன் கிளறினால் திரள் கட்டாமல் எல்லாம் கரைந்து கூழாகிவிடும்.

இனி அடுப்படிக்கு வருவோம். நான்கு பேருக்கு 200 கிராம் விதைப்பருப்பு போதும். ஊறவைக்க வேண்டாம். ஈரமில்லாத மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி அடியில் பாறையாகிவிடும். பொடியில் கொஞ்சம் அரைத்த வெங்காயமும் தண்ணீரும் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து வையுங்கள்.

கறி அரை கிலோ. நைஜீரியாவில் மாட்டுக்கறியோடு போட்டியும் தோலும்கூடச் சேர்ப்பார்கள். போட்டியை மஞ்சள் போட்டுத் தேய்த்துக் கழுவத் தெரிந்த ஊர் இது, அதற்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உப்பும் வெங்காயமும் போட்டு வேகவைத்து, வெந்த தண்ணீரை எடுத்துவையுங்கள். குழம்புக்கு அதுதான் அடித்தளம்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஒரு குறை. எகுசியின் சிவப்பு பனை எண்ணெயிலிருந்து வருவது. எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். அதன் பழத்திலிருந்து பிழிந்த எண்ணெயில் கேரட்டுக்கு நிறம் தருகிற அதே கரோட்டின் நிறைந்திருக்கும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ரேஷனில் வாங்கும் பாமாயிலும் அந்த மரத்துடையதே. ஆனால் சுத்திகரிக்கும்போது நிறத்தையும் வாசனையையும் நீக்கிவிடுகிறார்கள். நான் கடலை எண்ணெயில் பேடகி மிளகாயை அரைத்து வதக்குகிறேன். நிறம் வரும், அந்த மண்வாசனை வராது.

எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், அரைத்த தக்காளி, சிவப்புக் குடமிளகாய், காரத்துக்குப் பச்சை மிளகாய். தக்காளிக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. கோலார்ச் சந்தை நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. பச்சை வாசனை போனதும் கறி வெந்த தண்ணீரை ஊற்றி, கொதி வந்ததும் விதை மாவைக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். மூடி, தணலைக் குறைத்து, பத்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். திறக்கும்போது திரள்கள் மேலே வந்திருக்கும், ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்கியிருக்கும். இப்போது கரண்டியால் மெதுவாக உடைத்துவிட்டு, கறியைச் சேர்த்து இன்னொரு பத்து நிமிடம்.

நைஜீரியக் குழம்பின் அடிநாதம் மணம். பொடித்த காய்ந்த இறால், நார்வேயிலிருந்து கப்பலில் வரும் காய்ந்த காட் மீன், 'இரு' என்ற புளிக்கவைத்த கொட்டை. நாற்றம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கடல் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு கருவாட்டுக்கு உயிர் விடுகிறவர்கள் நாங்கள். சென்னாக்கூனியை வெறும் சட்டியில் வறுத்து, பொடித்து இரண்டு ஸ்பூன் போட்டால் குழம்பு எகுசிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். கடைசியாகக் கீரை. அங்கே கசப்பிலையைப் பலமுறை கசக்கிப் பிழிந்து போடுவார்கள். இங்கே பசலைக்கீரையோடு ஒரு பிடி வெந்தயக்கீரை. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட்டால் போதும்.

இதற்குக் களி பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கேழ்வரகும் ஆப்பிரிக்கப் பயிர்தான். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களில் முதன்முதலில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்தது. தர்பூசணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய என் தாத்தா, வேலைக்குப் போகுமுன் இரண்டு உருண்டை விழுங்கிவிட்டுப் போவாராம். தட்டில் கிடந்தது கண்டம் தாண்டி வந்த தானியம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதல்முறை செய்தபோது அம்மாவுக்கு ஒரு உருண்டையும் ஒரு கிண்ணம் எகுசியும் வைத்தேன். பேசாமல் விழுங்கினாள். இரண்டாவது விள்ளலில் நிறுத்தி, குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிடா. புளி எங்கே?"

எகுசியில் புளி கிடையாது, தக்காளியின் புளிப்போடு சரி என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் நான் விதை அரைக்கும்போது, அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் கோலிக்குண்டு அளவு புளி ஊறிக்கொண்டிருந்தது.